நல்ல கோடை

ஷேக்ஸ்பியர் ஒரு பாட்டில், தம் பிரியத்துக்குரியவரைக் கோடைக்காலத்துப் பகலோடு ஒப்பிடலாமா என்று கேட்கிறார். நம் கல்லூரிகளில் அந்தப் பாட்டைப் பாடம் சொல்லுகிற ஆசிரியர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் அனுதாபம் உண்டு. கழுத்தில் வேர்வை வழிய, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், "இது வசவு இல்லையப்பா, புகழ்ச்சி" என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் உவமை, அணி எல்லாம். இங்கிலாந்தில் சூரியன் எப்போதாவது வருகிற விருந்தாளி. இங்கே அவன் வீட்டுக்காரன். வாடகை கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பவன். விருந்தாளியைப் பாடுவது சுலபம்.

இங்கிலீஷ்காரர்களின் நல்ல கோடைக்கு இலக்கணம் எளியது. மழை பெய்யக் கூடாது. வெயில் அடிக்க வேண்டும். புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட முடிய வேண்டும். கிரிக்கெட் ஆட்டம் தடைப்படக் கூடாது. 1976-இல் அவர்களுக்கு அப்படி ஒரு கோடை வாய்த்தது. வெயில் நீண்டுகொண்டே போய்க் கடைசியில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, வறட்சிக்கென்றே ஒரு மந்திரியை நியமிக்கும்படி ஆயிற்று. அப்படியும் அந்தத் தலைமுறையில் பலர் அதை மகா உன்னதமான கோடையாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். பிறகு 2022 ஜூலை 19-ஆம் தேதி, கோனிங்ஸ்பி என்ற ஊரில் உஷ்ணமானி 40.3 டிகிரி காட்டியது. அந்தத் தேசத்தில் சூடு நாற்பதைத் தாண்டியது அதுவே முதல் தடவை. லண்டன் ஓரத்தில் புல் தீப்பற்றி வீடுகள் எரிந்தன. அன்றைக்குப் பின், வெயில் என்றாலே நல்லது என்று சொல்ல அவர்களுக்கும் நாக்குக் கொஞ்சம் தயங்குகிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரு ஜனசமூகம் கோடையிடம் எதை எதிர்பார்க்கிறது என்பது நிலையான விஷயமல்ல. நம்மிடமும் அது மாறியிருக்கிறது. எப்படி மாறியிருக்கிறது, நம் இலக்கியம் அந்த மாறுதலுக்கு எந்த அளவு உடந்தை என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன். "வெயிலைப் பற்றிக்கூட இலக்கிய விமர்சனமா?" என்று வாசகர் கேட்கலாம். நம் நாட்டில் வருஷத்தில் நாலு மாதத்தை அடைத்துக்கொள்கிற ஒரு சமாசாரத்தைப் பற்றி விமர்சகர்கள் இதுவரை சும்மா இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

பழைய புலவர்கள் வேனிலைப் பாலைக்கு உரிய பெரும்பொழுதாக வைத்தார்கள். நண்பகல் அதன் சிறுபொழுது. பொருள் தேடப் போகிறவன் கடக்க வேண்டிய வழி அது. வீட்டில் இருப்பவள் அவன் கால் சுடுமே என்று நினைத்து உருகுகிற காலம் அது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத்தான் பாலை ஆகின்றன என்று இளங்கோவடிகள் சொல்லுகிறார். ஆகவே வெயில் துன்பம் என்பது அவர்களுக்குத் தெரியாத சங்கதியல்ல. ஆனாலும் அவர்களுடைய கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மாந்தளிர், குயில், தென்றல், மன்மதன் எல்லாம் இளவேனிலின் பரிவாரம். நம் கத்திரி வெயிலோ சித்திரையின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசியின் நடுவில் முடிகிறது. நாம் அக்கினி நட்சத்திரம் என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்கிற நாட்களைப் புத்தகம் வசந்தம் என்கிறது!

புலவர்களுக்கு உஷ்ணம் உறைக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் பண்ணக் கூடாது. அவர்கள் பகலைப் பகலாகவும் சாயங்காலத்தைச் சாயங்காலமாகவும் தனித்தனியே மதிப்பிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். காளிதாசன் தன் ருது ஸம்ஹாரத்தைக் கோடையில்தான் ஆரம்பிக்கிறான். பகல் முடிகிற நேரம் ரம்மியமானது என்பது அவன் கண்ட கோடையின் சிறப்பு. சென்னைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் அன்றைய பகல் மன்னிக்கப்பட்டுவிடும். மேல்காற்று பலமாக இருந்து கடற்காற்றைத் தடுத்து நிறுத்தினால் அன்று ஊர் முழுவதும் சிடுசிடுப்பு. மயிலாப்பூருக்கு வந்த காற்று தாம்பரத்துக்கு வந்துசேர இன்னும் நேரம் ஆகும். அதற்காகத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. காத்திருக்கத் தெரிந்தவனுக்கே கோடையில் ஒரு ரசனை கிட்டும்.

இது நகரத்தாரின் அளவுகோல். உழவனின் அளவுகோல் வேறு. அவனுக்கு வெயில் வேண்டும், நன்றாகவே வேண்டும். உழுத புழுதி ஒரு பலம் கால் பலமாகக் காயும்படி விட்டால், ஒரு பிடி எருவும் போடாமல் பயிர் செழிக்கும் என்பது வள்ளுவர் தரும் கணக்கு. சித்திரை மாதத்துப் புழுதியைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லும் பழமொழியும் அதே கட்சிதான். மார்கழியில் மேகம் கருக்கொள்கிறது என்றும், 195 நாள் கழித்து அந்தக் கரு மழையாகப் பிறக்கிறது என்றும் வராகமிஹிரர் பிருஹத் ஸம்ஹிதையில் எழுதினார். கர்ப்போட்டம் பார்க்கும் கிராமத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அதையேதான் சொல்லுகிறார்கள். இடையில் அகாலத்தில் பெய்கிற மழை கருவைக் கலைத்துவிடும் என்று அவர்களுக்குக் கவலை. வானிலை நிலையத்தார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அது கிடக்கட்டும். இந்த நம்பிக்கையின் அடியில் இருக்கிற மனோபாவம்தான் நமக்கு முக்கியம். கோடை தனியாக நிற்கிற ஒரு காலம் அல்ல. ஐப்பசிக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம். அது நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பைக் கார்த்திகையில்தான் சொல்ல முடியும்.

இந்த விஷயத்தில் என் சிந்தனைக்கு வேலை கொடுத்த ஊர் திருநீர்மலை. பல்லாவரத்துக்கு மேற்கே, அடையாற்றுப் பக்கமாக இருக்கிற சிறு குன்று. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணர் நின்ற கோலம். மேலே இருந்த கோலத்தில் நரசிம்மர், கிடந்த கோலத்தில் ரங்கநாதர், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாள். சினிமாக்காரர்களுக்கும் கல்யாணக்காரர்களுக்கும் பழக்கமான இடம். ஊரின் பெயருக்குக் காரணமாக ஒரு கதை சொல்லுவார்கள். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். பெருமாளைச் சேவிக்காமல் போக மனமில்லை. போய்ச் சேர வழியும் இல்லை. நீர் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து சேவித்துவிட்டுத்தான் கிளம்பினாராம். அதனால்தான் நீர்மலை.

ஸ்தலபுராணங்களை நான் சரித்திரமாக வாசிப்பதில்லை, கதையாக வாசிப்பேன். என் தொழில் அது. கதையாகப் பார்த்தால் இது மிக நேர்த்தியான கதை. மற்றத் தலங்களில் பக்தன் மழைக்குப் பிரார்த்திப்பான். இங்கே அவன் வறட்சிக்குக் காத்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் நீர் ஒரு விரற்கடை இறங்குகிறது; பாதை கொஞ்சம் தெரிகிறது. வெயில் இங்கே கதவைத் திறந்துவிடுகிற ஆள். ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீரிலிருந்து ஆறு மாதம் எண்ணினால் சித்திரை வைகாசி வருகிறது. கத்திரி வெயிலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த கதையை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மே மாதக் காலையில் அந்த மலைக்குப் போயிருந்தேன். முதல் நாள் இரவு இடியோடு நல்ல மழை. படிகள் குளிர்ந்திருந்தன. அடிவாரத்தில் துளசி விற்கிற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முன்பு ஏரித் தண்ணீரில் பயிர் வைத்தவர் என்று தெரிந்தது.

"கத்திரியிலே இப்படிக் குளிர்ந்திருக்கிறதே பெரியவரே, நல்ல கோடைதான்" என்றேன்.

"உங்களுக்கு நல்ல கோடை சார். ஏரி காயலையே! காஞ்சாத்தானே உள்ளே எறங்கி மண்ணு வெட்ட முடியும்?" என்றார்.

"இப்போது யார் வெட்டுகிறார்கள்?"

"யாரும் வெட்டலை. அதுக்காகக் காயாம இருக்கலாமா?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நெல் வயல்கள் வீட்டு மனைகளாகி, 2021 நவம்பரில் ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தும் ஆகிவிட்டது. வெட்டுகிற ஆள் இல்லை. வெட்டிய மண்ணைப் போட வயலும் இல்லை. ஏரியில் சுற்றுப்புறக் கழிவுநீர் கலப்பதாகப் பத்திரிகைகளில் பல தடவை செய்தி வந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பெரியவரின் மனசில் கோடைக்கென்று ஒரு கடமை மிச்சம் இருக்கிறது: அது காய வேண்டும்; மனிதன் இறங்க வேண்டும்; வண்டல் வயலுக்குப் போக வேண்டும்; கரையும் மதகும் பழுது பார்க்கப்பட வேண்டும். இதற்குத்தான் குடிமராமத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். 2017 மார்ச்சில் அரசாங்கம் அந்தப் பெயரில் மறுபடியும் ஒரு திட்டம் தொடங்கியபோது, இங்கிருந்து அதிக தூரமில்லாத மணிமங்கலம் ஏரியில்தான் தொடக்க விழா நடந்தது. பெயர் திரும்பி வந்தது. பழக்கம் திரும்பி வர ஒரு விழா போதாது.

இனி நம் கதைகளுக்கு வருகிறேன். தமிழ்ச் சிறுகதையையும் நாவலையும் எடுத்துக்கொண்டால், அவற்றில் கோடைக்கு மூன்று வேஷங்கள். முதலாவது, வில்லன் வேஷம். "வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஆசிரியர் கதாநாயகனைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். வெயிலுக்கு அத்தோடு வேலை முடிந்தது. இரண்டாவது, விடுமுறை வேஷம். பள்ளிக்கூடம் மூடியாயிற்று, தாத்தா வீடு, கிணற்றடி, மாம்பழம், மொட்டைமாடியில் வடாம். இல்லாவிட்டால் கதாபாத்திரங்களை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ரயிலேற்றிவிட வேண்டும். மூன்றாவது, ஞாபக வேஷம். பட்டணத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, தான் சிறு பிள்ளையாக வெயிலில் ஓடியதை நினைத்து ஏங்குவது. 2006-இல் 'வெயில்' என்றே ஒரு சினிமா வந்து, வெயிலில் விளையாடிய பிள்ளைப் பிராயத்தைப் பாட்டாக்கியது. நல்ல பாட்டுத்தான். அதைக் கேட்டு உருகியவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை மறுநாள் வெயிலில் விளையாட விட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த மூன்று வேஷங்களிலும் ஒரு பொதுவான குறை உண்டு. கோடையில் யாரும் எந்தக் காரியமும் செய்வதில்லை. சகிக்கிறார்கள், தப்பி ஓடுகிறார்கள், ஏங்குகிறார்கள், அவ்வளவுதான். வெயிலைக் கொண்டு பிழைப்பவன், வெயிலுக்காக வேலையை வைத்திருப்பவன், வெயிலிலும் நிறுத்த முடியாத வேலை உடையவன் ஆகிய இவர்கள் கதைக்குள் வருவது அபூர்வம்.

அபூர்வம் என்றுதான் சொன்னேன். விலக்குகள் இல்லாமல் இல்லை. ராஜம் கிருஷ்ணன் 1979-இல் எழுதிய 'கரிப்பு மணிக'ளைச் சொல்லலாம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கை அது. அங்கே வெயில்தான் முதலாளியின் மூலதனம். மழை வந்தால் உப்பு கரையும், வேலை நிற்கும், அடுப்பும் அணையும். அந்தப் புத்தகத்தை மூடிவைத்தபின், "நல்ல கோடை" என்ற இரண்டு சொற்களை யோசிக்காமல் உச்சரிக்க முடியாது. யாருக்கு நல்லது என்று உடனே ஒரு கேள்வி எழும். வெயில் சோறும் போடுகிறது, உடம்பையும் அரிக்கிறது என்ற இரட்டை உண்மையை நம் நாவல்களில் அவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' இன்னொரு விலக்கு. 1970-களின் தொடக்கத்தில் வந்த சிறு நாவல். குழாய் வறண்ட சென்னைத் தெரு ஒன்றில் குடத்தோடு அலைகிற ஜமுனா அதன் நாயகி. பக்கம் பக்கமாக வெயிலை வர்ணிக்க அவர் உட்காரவில்லை. குடம், குழாய், தோண்டிப்போட்ட தெரு, பக்கத்து வீட்டார் சிடுசிடுப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால் அந்த நாவலில்தான், நகரத்து மத்தியதர வர்க்கம் தன் கோடையை அளக்கிற கோல் மாறிவிட்டதை முதன்முதலாகக் கண்டேன். காற்று வந்ததா என்பது போய், தண்ணீர் வந்ததா என்பது கேள்வியாகிவிட்டது. பின்னால் நடந்ததெல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்துக்கு விரிவுரை மாதிரி இருக்கிறது. 2019-இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஐம்பது வாகன்களில் ஏற்றிக்கொண்டு ரயில் வந்தது. அந்த வருஷம் எத்தனை டிகிரி அடித்தது என்று யாரைக் கேட்டாலும் தெரியாது. தண்ணீர் ரயில் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு நேர்மாறாக, 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை நினைவுபடுத்த இன்று ஒரு வானிலைப் பிரியர் தேவைப்படுகிறார்.

இப்போது அளவுகோல் இன்னொரு தடவை மாறிக்கொண்டிருக்கிறது. இந்த மாறுதல்தான் எனக்குக் கவலை தருகிறது. இன்றைய நல்ல கோடை எது? மின்சாரம் தடைப்படாத கோடை; லாரித் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்த கோடை; அறைக்குள் இருபத்து நாலு டிகிரி நிலையாக இருந்த கோடை. சுருக்கமாகச் சொன்னால், நம்மைத் தொடாமல் போன கோடை. கத்திரியில் மழை பெய்தால் பத்திரிகைகள் "மக்கள் மகிழ்ச்சி" என்று தலைப்புப் போடுகின்றன. 2023 ஜூன் 19-ஆம் தேதி சென்னையில் பெருமழை கொட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டபோதும் குளுமையைத்தான் பலர் கொண்டாடினார்கள். ஓடிப் போகலாம் என்று வைத்திருந்த மலைகளும் கைவிட்டு வருகின்றன. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரியைத் தொட்டது. கூட்டம் தாங்காமல், நீதிமன்ற உத்தரவின்படி அந்த வருஷம் மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்க வேண்டியதாயிற்று. ஆக, பழைய நாவல்களின் இரண்டாவது வேஷமும் கலைந்துகொண்டிருக்கிறது.

சௌகரியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எனக்கும் வயதாகிறது, விசிறி நின்றால் எனக்கும் கோபம் வரும். உடம்பு தாங்காத வெயிலை ரசிக்கச் சொல்லுவது கொடுமை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நியாயமான காரியம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறைக்குள் வராத கோடை எங்கே போகிறது? தெருவில் தார் ஊற்றுகிறவன் முதுகுக்குப் போகிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தை மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிற பையன் தலைக்குப் போகிறது. நம் கதைகளில் கதவுக்கு இந்தப் பக்கத்துக் கோடை மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்துக் கோடை யாருடைய கணக்கிலும் வராமல் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நம்மைத் தொடாத காலத்தில் நாம் செய்ய வேண்டிய வேலை எது என்பதும் மறந்துபோகும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலை எட்டரை மணி வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை மீறியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்களைப் படகில் இறக்கினார்கள். அந்த மழையை எந்த ஏரியும் முழுசாகத் தாங்கியிருக்காது என்று சொல்லுவார்கள், உண்மைதான். ஆனால் தூர் எடுக்காத ஏரியும் அடைத்துக் கட்டிய கால்வாயும் தம்மால் ஆனதைக் கூடச் செய்ய முடியாமல் நின்றன. திருநீர்மலைப் பெரியவர் கேட்டது இதைத்தான். கார்த்திகை வெள்ளத்துக்கான வேலையைச் சித்திரையில் செய்ய வேண்டும். சித்திரையை நாம் கதவைச் சாத்திக்கொண்டு கழித்துவிடுகிறோம்.

எழுத்தாளர்கள் ஏரியில் இறங்கி மண் வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலும் கெட்டுவிடும். கோடையை மறுபடியும் ஒரு காலமாக எழுதலாம் என்றுதான் சொல்லுகிறேன். பங்குனியில் ஆரம்பித்து ஆடியில் முடிகிற ஒரே ஒரு கோடை; இடம், இந்தத் தென்புறநகர்; ஜனங்கள், லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் மாமி, அந்த லாரியை ஓட்டுகிறவன், வயலை மனையாக விற்றுவிட்டுத் துளசி விற்கிற பெரியவர், மனையை வாங்கிக் கடன் கட்டுகிற குமாஸ்தா. பெரிய சம்பவம் எதுவும் வேண்டாம். ஏரியில் நீர் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை இறங்குவதையும், அடியிலிருந்து என்னென்ன வெளியே தெரிகிறது என்பதையும் பொறுமையாகச் சொன்னால் போதும். திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்கிறார்கள். நம் நாவலாசிரியர்களில் யாராவது ஒருவர் ஒரு கோடை முழுவதும் அந்தக் கரையில் காத்திருக்கத் தயாராக இருந்தால், அவருடைய புத்தகத்தின் முதல் பிரதியை நான் விலை கொடுத்தே வாங்கிக்கொள்வேன். எழுத்தாளனிடமிருந்து இதைவிடப் பெரிய வாக்குறுதியை வாசகர் எதிர்பார்க்க முடியாது.